ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்: பிரசவ அறைகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும், மகப்பேறு மருத்துவர்களுக்கும், பிரசவ அறைகளில் வேலை செய்யும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 2017இல் ஓர் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவத்தில் பிறந்தாள். சின்னவன் 2022இல் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனில் பிறந்தான். எந்த மருத்துவமனை, அன்றைக்கு யார் பணியில் இருந்தார்கள் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு விசாரணை வரும், பாவம் யாரோ ஒரு ஒப்பந்த நர்ஸை வேறு ஊருக்குத் தூக்கியடிப்பார்கள், பிரசவ அறைக் கதவு பழையபடி சாத்தியே கிடக்கும்.

பழைய வட ஆற்காடு 1989இல் இரண்டாகி, 2019இல் வேலூர் மறுபடி மூன்றாகி, இன்று நான்கு மாவட்டமாக இருக்கிறது. நான்கிலும் எனக்கு நாத்தனார், சித்தி மகள், கூட வேலை செய்கிறவள் என்று யாராவது பிள்ளை பெற்றிருக்கிறார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் ஊர் மாறுகிறது, கதை மாறுவதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல்.

முதல் பிரசவத்திலிருந்து தொடங்குகிறேன். ஏழாம் மாதத்தில் அங்கன்வாடியிலிருந்து வந்து சமுதாய வளைகாப்புக்குக் கூட்டிப்போனார்கள். மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து சந்தனம், குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல், கலவைச் சாதம். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்று மேடையில் ஒருவர் பேசினார். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இரண்டு மாதம் கழித்து லேபர் வார்டு வாசலில் அந்த வளையல்களை எல்லாம் கழற்றச் சொன்னார்கள். சுத்தம் வேண்டும், சரி. வளையலோடு சேர்த்து அம்மாவையும் கழற்றிவிட்டார்கள்.

ராத்திரி பதினோரு மணிக்கு உள்ளே போனேன். பிள்ளை பிறந்தது காலை எட்டு மணிக்கு. இந்த ஒன்பது மணி நேரமும் அம்மா வெளியே சிமெண்ட் திண்ணையில், நான் உள்ளே நான்கு கட்டிலில் ஒன்றில். கட்டிலுக்குக் கட்டில் திரை கிடையாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் பெயர்கூடத் தெரியாது, ஆனால் அவள் உடம்பில் நான் பார்க்காதது எதுவும் மிச்சம் இல்லை. என்னுடையதையும் அவள் அப்படித்தான் பார்த்திருப்பாள். உள்ளே கைவிட்டுப் பார்ப்பதற்கு ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். யார், எதற்கு, எவ்வளவு திறந்திருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை. “காலை அகட்டு” என்பதுதான் எனக்குக் கிடைத்த முன்னறிவிப்பு. வலி தாங்காமல் கத்தினபோது வந்த பேச்சை நம் ஊரில் பிள்ளை பெற்ற பலரும் கேட்டிருப்பார்கள்: “இன்னா கத்துற? அன்னிக்கு இனிச்சுதா?”

வேலூர்ப் பக்கம் ஆயா என்றால் பாட்டி. என் ஆயா என்னைத் திட்டினால்கூட முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் திட்டுவாள். பிரசவ வார்டிலும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல்லை நம்பி “ஆயா, கொஞ்சம் தண்ணி” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பெண்கள் எத்தனை பேரோ.

கடைசியில் பிள்ளை வரும் வழியைக் கத்தரியால் வெட்டினார்கள். வெட்டியது தையல் போடும்போதுதான் தெரிந்தது. மரத்துப்போகிற ஊசி போட்டார்களோ இல்லையோ, முதல் இரண்டு மூன்று குத்து முழுசாகத் தெரிந்தது. எத்தனை தையல் என்று கேட்டேன். “உனக்கு எதுக்கு அதெல்லாம்?”

மூன்று மாதம் கழித்தும் ரத்தம் நிற்காமல், வேறொரு டாக்டரிடம் ஸ்கேனுக்குப் போனேன். “காப்பர் டி போட்டிருக்கே, உனக்குத் தெரியாதா?” என்றார் அந்த அம்மா. எனக்குத் தெரியாது. தாய் சேய் அட்டையில் ஒரு மூலையில் எழுதியிருந்தது. நஞ்சுக்கொடி வந்த கையோடு அதை வைத்துவிட முடியும், அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். அடுத்த பிள்ளைக்கு நான்கு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று நானும் வீட்டுக்காரரும் முன்பே பேசிவைத்திருந்தோம். கேட்டிருந்தால் “வையுங்க சிஸ்டர்” என்றிருப்பேன். கேட்காததால், ஸ்கேன் எடுத்த அன்றைக்கே எடுத்துவிடச் சொன்னேன். என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் மூன்று மாதம் ஒரு பொருள் இருந்தது என்கிற அருவருப்பு அந்தப் பொருளின் நன்மையைவிடப் பெரிதாகிவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கில் நீங்கள் அன்றைக்கு ஒன்றைக் கூட்டினீர்கள், மூன்று மாதத்தில் அதை இழந்தீர்கள். சண்டை போட எழுதவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

யாரும் எதையுமே கேட்கவில்லை என்று சொன்னாலும் தப்பு. பிள்ளையைக் காட்ட வெளியே கொண்டுவந்தபோது என் வீட்டுக்காரரிடம் காசு கேட்டார்கள். பெண் குழந்தை என்பதால் கொஞ்சம் கம்மி.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை உங்களில் பலருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரச்சொல்லிக் கேட்டார்கள். அவர் அப்போது மருத்துவம் படிக்கவில்லை. டாக்டரான தன் அப்பாவை அழைத்துப்போகச் சொன்னார். ஆம்பளை டாக்டர் ஆகாது என்று மூவரும் திரும்பிப்போனார்கள். மூன்று பெண்களும் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் அவர் அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு, 1900இல் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததும், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதும்.

பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டபோது அந்த மூன்று புருஷன்மார் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இப்போது வேறு ஒன்று உறுத்துகிறது. அந்தக் கதையில் மூன்று பெண்களும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. “யாரா இருந்தா என்ன, சீக்கிரம் வரச் சொல்லு” என்று அவர்களில் ஒருத்தியாவது நினைத்திருப்பாள். அவளைப் போய் யாரும் கேட்கவில்லை. இவ்வளவு வருஷத்தில் டாக்டர் வந்தாயிற்று, கட்டில் வந்தாயிற்று, 108 வந்தாயிற்று.

உயிரோடு வீட்டுக்கு வந்தாயே, அது போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். என் ஆயாவும் அதையேதான் கேட்டாள். அவள் தங்கை பேறுகாலத்தில் செத்தவள், அவளுக்கே ஏழு பெற்றதில் நான்குதான் தங்கியது. அதனால் போதாது என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசத்தான் செய்கிறது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில்தான் நடந்தது. 2018-20 கணக்கில் இந்தியா முழுக்க, உயிரோடு பிறந்த ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் விழித்திருப்பதால் வந்த எண் இது. வணங்குகிறேன். ஆனால் வீட்டில் பெற்ற என் ஆயாவுக்கு உத்தரத்தில் கட்டிய கயிறு இருந்தது, குந்தி உட்கார்ந்து முக்க இடம் இருந்தது, முதுகை நீவிவிட அவள் அம்மா இருந்தாள். உயிருக்கு உத்தரவாதம் கொடுத்த நீங்கள் இந்த மூன்றையும் ஏன் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்?

இத்தனைக்கும் நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் சட்டதிட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறேன். பிரசவ அறையில் ஒரு துணையை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016இல் வழிகாட்டுதல் கொடுத்தது. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள உறவுக்காரப் பெண்ணாக இருந்தால் நல்லது, மறைவுக்கு வசதி உள்ள இடத்தில் கணவரையும் விடலாம், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான துணி போட்டிருக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. என் அம்மா இதில் எதில் தவறுகிறார்? 2017 டிசம்பரில் வந்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையில் மறைவு, மரியாதை, துணை மூன்றையும் தரத்துக்கான அளவுகோலாகவே வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் பிரசவத்துக்கு 56 பரிந்துரைகள் கொடுத்தது. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தைக்கக் கூடாது, வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தித் தள்ளக் கூடாது, அவள் விரும்புகிற துணை கூட இருக்கட்டும், உட்கார்ந்தோ நின்றோ அவளுக்கு வசதியான நிலையில் பெறட்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கயிறு இல்லையே தவிர என் ஆயாவின் பிரசவம்தான் அது.

துணை இருந்தால் அன்புக்கு மட்டும்தான் ஆகும் என்று நினைக்காதீர்கள். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் அலசிப் பார்த்தார்கள். வலி தொடங்கியதிலிருந்து கூடவே ஒருவர் இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது. ஆள் பற்றாக்குறை என்று சொல்கிற இடத்தில், சம்பளம் இல்லாமல் ராத்திரி முழுக்க முதுகு நீவ ஓர் ஆள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை உள்ளே விட உங்களுக்கு என்ன செலவு? ஒரு திரைச்சீலை.

அவசரத்தில் நின்று பேச நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். ரத்தப்போக்கு என்றால் நிமிஷக் கணக்கு, அங்கே யாரும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். ஆனால் என்னுடைய ஒன்பது மணி நேரத்தில் எட்டரை மணி நேரம் சும்மா காத்திருப்புதான்.

இரண்டாவது பிரசவத்துக்குக் காசு சேர்த்துத் தனியாருக்குப் போனேன். அங்கே திரை இருந்தது, ஏசி இருந்தது, எல்லோரும் “மேடம்” என்றார்கள். முப்பத்தேழு வாரம் முடிந்ததும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு “தண்ணி கம்மியா இருக்கு, நாளைக்கே எடுத்துடலாம்” என்றார் டாக்டர். எவ்வளவு கம்மி, இரண்டு நாள் பார்க்கலாமா, வலி வர ஊசி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். “கூகுள் பண்ணிட்டு வந்தீங்களா?” என்று சிரித்தார். அந்த ஆபரேஷன் நிஜமாகவே தேவைப்பட்டிருக்கலாம். தேவைப்பட்டதா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, அதுதான் என் குறை. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிசேரியன். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34.1. அரசு மருத்துவமனையில் மட்டும் எடுத்தால் 36, தனியாரில் 63.8. தனியாருக்குப் போகிறவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பெண்களுக்கு இயற்கையாகப் பெற வரவில்லை என்றால் நம்ப முடிகிறதா?

பழி முழுக்க டாக்டர் மேல் போடுவது நியாயம் இல்லை. நாள் குறித்துவிட்டார்கள் என்றதும் என் மாமனார் நேராக ஜோசியரிடம் போனார். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் எடுத்தால் பிள்ளை கலெக்டர் ஆவான் என்று எழுதி வாங்கிவந்தார். (இப்போது அவனுக்குக் கிரேன் டிரைவர் ஆக வேண்டுமாம்.) டாக்டரும் சரி என்றார். ஜோசியரைக் கேட்டார்கள், மாமியாரைக் கேட்டார்கள், இன்ஷூரன்ஸ்காரரைக் கேட்டார்கள்.

கையெழுத்துக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். நான் அடுத்த அறையில் முழு நினைவோடு உட்கார்ந்திருந்தேன். பி.காம். படித்தவள், மாதாமாதம் இருநூறு பேரின் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். 2008இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. சோதனைக்கு என்று மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த அவள் அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில், வயது வந்த பெண்ணுக்குப் பதிலாக வேறு யார் கொடுத்த சம்மதமும் செல்லாது, அவள் கண் விழிக்கும்வரை காத்திருந்து அவளைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பெற்ற அம்மாவின் சம்மதமே செல்லாது என்றால் புருஷன் கையெழுத்து மட்டும் எப்படிச் செல்லும்? குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் கணவன் சம்மதம் தேவையில்லை என்பதுதான் அரசு விதி. கருக்கலைப்புச் சட்டமும் வயது வந்த பெண்ணின் சம்மதத்தை மட்டும்தான் கேட்கிறது. ஆனாலும் “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்பப்பட்ட இருவரை எங்கள் கம்பெனியிலேயே எனக்குத் தெரியும்.

சின்னவன் பிறந்ததும் முகத்தைக் காட்டிவிட்டு எடுத்துப்போனார்கள். முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. கை இருந்தது, மார்பு இருந்தது, நினைவு இருந்தது. நான்கு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது பிள்ளை வாயில் பவுடர் பால் வாசனை. “பசிச்சு அழுதான் மேடம், கொடுத்துட்டோம்.” சீம்பாலைப் பற்றிச் சுவர் சுவராகப் படம் ஒட்டியிருக்கிற ஊர் இது. பால் பவுடரை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992இலிருந்து சட்டம் இருக்கிற நாடு. அப்புறம் அவன் மார்பைப் பிடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் “உனக்குப் பால் இல்லை” என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். பால் கொடுக்க முடியாமல் பவுடருக்குப் போகிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவள் முடிவாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. 2018இல் திருப்பூரில் ஒரு பெண் அப்படித்தான் உயிரை விட்டார். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் அந்தச் செய்தி வரும்போதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லி முடித்துவிடுகிறீர்கள். மருத்துவமனையில் என்ன பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்து விலகுகிறவர்களும் உண்டு. முதல் பிரசவத்துக்குப் பிறகு நானே ஒரு ராத்திரி அந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அணைக்கட்டுப் பக்கம் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை மலைக் கிராமங்களில் இருக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் பட்டணத்துக் கதையாகத் தோன்றும். அவளுக்குத் தேர்வு என்பது ரோடு. மலையில் ரோடு இல்லாத ஊர்க்காரியை, நாள் நெருங்கும் முன்பே கீழே வந்து தங்கச் சொல்கிறோம். நல்ல ஏற்பாடுதான். மூத்த பிள்ளையை யாரிடம் விடுவாள், ஆட்டை யார் மேய்ப்பார்கள் என்பதையும் கேட்டுவிட்டுக் கூட்டிவந்தால் பாதி ராத்திரியில் ஓடிப்போக மாட்டாள்.

வேலைக்குப் போகிற தாய்மார் விஷயம் தனி மடலுக்கானது. 26 வாரச் சம்பள விடுப்பு, பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தையல் மெஷினில் உட்காரும் பெண்களிடம் இதில் எது கிடைத்தது என்று ஒரு நாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் வாசலில் நின்று கேட்டுப்பாருங்கள். வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறவளுக்கு வாசல்கூடக் கிடையாது.

எல்லாம் இருட்டு என்று சொல்லவில்லை. போன வருஷம் என் நாத்தனாருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம். பணியில் இருந்த நர்ஸ் ஒவ்வொரு முறையும் “தங்கச்சி, உள்ள பாக்கட்டுமா? கொஞ்சம் அசௌகரியமா இருக்கும், மூச்சை இழுத்து விடு” என்றாராம். அவளுக்கும் தையல் போட்டார்கள், அவளும் கத்தினாள். ஆனால் அந்த நர்ஸைப் பற்றி இன்றைக்கும் பெயர் சொல்லிப் பேசுகிறாள், மகளுக்குக் காது குத்துக்குப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டவர்களின் முகம்கூட எனக்கு நினைவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி நம்பர் போடும்போதே எங்கள் எடை, ரத்த அளவு, கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாம் கேட்டு எழுதுகிறீர்கள். ஏழாம் மாதச் சோதனையில் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். பிரசவத்தின்போது யார் கூட இருக்க வேண்டும்? அதற்குப் பிறகு என்ன கருத்தடை வேண்டும், அல்லது வேண்டாம்? பதிலை அட்டையின் முதல் பக்கத்தில், அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வலியில் கேட்டால் யாரும் எதற்கும் தலையாட்டுவார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டிலுக்குக் கட்டில் திரை போடுங்கள். நர்ஸ்களுக்குக் கூடுதல் ஆள் கொடுங்கள், முப்பது மணி நேரம் தூங்காத ஒருவரிடம் மரியாதையை எதிர்பார்ப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. தனியார் டாக்டர்களே, கூகுளைப் பார்த்துவிட்டு வந்தாலும் கேள்வி கேள்விதான்.

வருகிற தை மாதம் கடைசியில் என் தங்கைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். முதல் பிரசவம், அரசு மருத்துவமனைதான். அம்மா இப்போதே பழைய வாயில் புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்துவிட்டார். ஒரு சுத்தமான புடவையைத் தனியாக எடுத்து, இஸ்திரி போட்டு, ஒரு பையில் வைத்திருக்கிறார். அது யாருக்கு என்று கேட்டேன். “எனக்குத்தான். உள்ளே விட்டாங்கன்னா கட்டிக்க” என்றார்.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்திலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்